பதினெட்டு மாதக் கணக்கு



இந்த மாதம் நான் பேச வந்திருப்பது ஒரு பரீட்சையைப் பற்றி. இந்தியாவில் காப்புரிமை முகவராகப் பதிவு பெற விரும்புகிறவர்கள் எழுத வேண்டிய பரீட்சை அது. அதிலும் ஒரே ஒரு பாடத்தைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் கொடுத்த காப்புரிமை விண்ணப்பம் எந்த நாளில் ஊருக்குத் தெரியவரும் என்கிற விதி. சட்ட விஷயம்தானே என்று வானொலியை நிறுத்திவிட வேண்டாம். இந்த ஒரு விதியைப் படித்திருந்ததால் எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய உழைப்பு கைநழுவாமல் நின்றது. அதனால்தான் நிலையத்தார் கேட்டதும் பேசச் சம்மதித்தேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. துபாயில் காப்புரிமை வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் கோப்புப் பிரிவில் இருக்கிறேன். வீடு சார்ஜாவில். காலையில் அல் இத்திஹாத் வீதியில் பஸ் ஊர்ந்து போகும் நேரம்தான் எனக்குப் படிக்கும் நேரம். மடியில் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், அதற்குள் செருகி 2003ஆம் ஆண்டு விதிகள். பக்கத்தில் இருக்கிறவர்கள் ஏதோ வேதப் புத்தகம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, யார் முகவராகலாம் என்று சொல்கிறது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். விஞ்ஞானத்திலோ பொறியியலிலோ தொழில்நுட்பத்திலோ பட்டம் வேண்டும். பிறகு பரீட்சையில் தேற வேண்டும். என் தாய் தகப்பன் 1984இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். நான் 1985இல் மண்டபம் முகாமில் பிறந்தேன். அப்படியானால் நான் எந்த நாட்டுக் குடிமகள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலேயே நான் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் முடித்தேன். வேதியியலில் பட்டமும் வாங்கினேன்.

பதில் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் இருந்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 2022இல் என்னைப் போலவே 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கில், அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தச் செய்தியைப் பார்த்து நானும் விண்ணப்பித்தேன். 2023இல் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. அந்த வருடக் கடைசியில் இங்கே வந்துவிட்டேன்.

என் தம்பி 1988இல் பிறந்தவன். அதே முகாம், அதே தாய் தகப்பன். ஆனால் அவன் பிறந்தபோது தேதி தாண்டிவிட்டது. அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அவன் பொறியியல் படித்தவன், என்னைவிடப் படிப்பில் கெட்டிக்காரன். இன்றைக்கும் முகாமில் இருந்துகொண்டு பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறான். இந்தப் பரீட்சைக்கு அவனால் விண்ணப்பிக்க முடியாது. எனக்குப் பாடம் சொல்லித் தருகிறவன் அவன்தான். ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் கேள்வி கேட்பான். நான் பிழை விட்டால் அதே கேள்வியை மூன்றாம் நாள் திரும்பக் கேட்பான்.

சரி, பாடத்துக்கு வருவோம். காப்புரிமை என்பது அரசாங்கத்துக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையில் உள்ள கொடுக்கல் வாங்கல். நீ கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடு, பதிலுக்கு 20 வருடம் உன் அனுமதியில்லாமல் வேறொருவர் அதைச் செய்து விற்காதபடி தடுக்கும் உரிமை தருகிறேன் என்கிறது அரசாங்கம். எழுதிக் கொடுத்ததை அலுவலகம் உடனே வெளியே விடாது. 18 மாதம் பூட்டி வைத்திருக்கும். அதற்குப் பிறகு இதழில் வெளியிடும். இந்தியாவில் இந்த முறை 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்து, 2003 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் அலுவலகம் விண்ணப்பத்தைச் சோதித்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் வெளியில் தெரியும்.

இது 11ஏ பிரிவு. இதழ் வெள்ளிக்கிழமை தோறும் வரும். விண்ணப்ப எண், தேதி, விண்ணப்பித்தவரின் பெயரும் விலாசமும், கண்டுபிடிப்பின் சுருக்கம், இவ்வளவும் அதில் இருக்கும். எனக்கு அவசரம், 18 மாதம் காத்திருக்க முடியாது என்கிறவர் 9ஆம் எண் படிவத்தைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் ஒரு மாதத்துக்குள் வெளியிடுவார்கள். தனி ஆளாக இணையவழியில் விண்ணப்பிப்பவருக்கு அந்தக் கட்டணம் 2,500 ரூபாய்.

வெளியிடாமல் விடுவதற்கு மூன்று காரணம் உண்டு. ஒன்று, நாட்டின் பாதுகாப்புக்காக இரகசியமாக வைக்கும்படி உத்தரவு போட்டிருந்தால், அது நீங்கும் வரை. இரண்டு, தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்தவர் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்காமல் விட்டால், அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும், அதை வெளியிடுவதில்லை. மூன்று, 18 மாதம் முடிவதற்கு 3 மாதம் முன்பாகவே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றிருந்தால்.

தம்பி இதை எனக்கு மூன்று எண்ணாகச் சொல்லித் தந்தான். 12, 15, 18. பன்னிரண்டுக்குள் முழுமை. பதினைந்துக்குள் மனம் மாறலாம். பதினெட்டில் கதவு திறக்கும்.

இவ்வளவு சுலபமா என்று நினைத்துத்தான் நான் முதல் பிழை விட்டேன். அவன் கேட்டது இது. 2024 ஜனவரி 10இல் ஒருவர் தற்காலிக விவரக்குறிப்புக் கொடுக்கிறார். சரியாக ஒரு வருடம் கழித்து 2025 ஜனவரி 10இல் முழு விவரக்குறிப்புக் கொடுக்கிறார். 18 மாதம் எப்போது முடியும்? நான் முழுதாகக் கொடுத்த நாளிலிருந்து எண்ணி 2026 ஜூலை 10 என்றேன். பிழை. முதலில் கொடுத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். 2025 ஜூலை 10. அப்படியானால் வெளியே வராமல் தடுக்க விரும்பினால் 2025 ஏப்ரல் 10க்குள் திரும்பப் பெற்றுவிட வேண்டும். முழுதாகக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவருக்கு உண்மையில் இருப்பது மூன்று மாதம்தான்.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் பெரியம்மாவின் மகன் ஒருவர் வவுனியாவிலிருந்து வந்து சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஏ.சி. வேலை செய்கிறார். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவது. வளைகுடாவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஏ.சி.யிலிருந்து தண்ணீர் வடியும் குழாய் தூசியும் பாசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு கூரையிலிருந்து சொட்டும். அந்த அடைப்பு வராமலிருக்க அண்ணை தன் அறையில், தன் காசில், லீவு நாட்களில் ஒரு சாமான் செய்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்வது அவருடைய உரிமை, நான் சொல்வதற்கில்லை.

திருச்சியில் உள்ள ஒரு கூட்டாளியின் உதவியுடன் 2023 மார்ச்சில் இந்தியாவில் தற்காலிக விண்ணப்பம் கொடுத்திருந்தார். விண்ணப்பம் கொடுக்க இந்தியக் குடியுரிமை தேவையில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவரும், இந்தியாவுக்குள் கடிதம் சேர ஒரு விலாசம் காட்டிவிட்டுக் கொடுக்கலாம். பிறகு கூட்டாளிக்கு வேறு சோலி. அண்ணைக்கு இரவு பகலாக வேலை. ஒரு வருடம் போனது தெரியவில்லை. முழு விவரக்குறிப்பு கொடுக்கவே இல்லை.

2024 செப்டம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். எனக்கு வெள்ளிக்கிழமை அரை நாள்தான் வேலை. வந்தவர் தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை. யாரோ அவருக்கு 18 மாதக் கணக்கைச் சொல்லியிருக்கிறார்கள்.

“தங்கச்சி, பதினெட்டு மாசம் முடிஞ்சுதாம். என்ர சாமான் இப்ப பேப்பரில வந்திருக்குமாம். உரிமையும் இல்லை, இரகசியமும் இல்லை. இனி ஆரும் எடுத்துச் செய்யலாமாம். உண்மையோ?”

முழு விவரக்குறிப்பு கொடுத்து, அது வெளியாகி, அதற்குப் பிறகு அவர் கைவிட்டிருந்தால் அவர் சொன்னது உண்மைதான். ஊருக்குத் தெரிந்த பொருளுக்குப் புதுமை போய்விடும். புதுமை போனதற்கு எந்த நாடும் புதுக் காப்புரிமை தருவதில்லை. அது அவரே எழுதிய எழுத்தானாலும் சரி, இதழில் வந்துவிட்டால் அவருக்கு எதிராகவே நிற்கும்.

ஆனால் அவர் பன்னிரண்டைத் தவறவிட்டவர். தவறவிட்டதால் பதினெட்டு அவருக்கு வரவில்லை. எண்ணைப் போட்டுப் பார்த்தோம், வெளியிடப்படவில்லை. சட்டப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். அவர் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார்.

அப்போது நான் கேட்ட கேள்விகளை உங்களுக்கும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். இந்தச் சாமானை யாருக்காவது விற்றீர்களா? இல்லை. வாடிக்கையாளர் வீட்டில் எங்காவது பூட்டினீர்களா? இல்லை, என் அறை ஏ.சி.யில் மட்டும். வீடியோ எடுத்து இணையத்தில் போட்டீர்களா? எடுத்தேன், போடவில்லை, நேரம் கிடைக்கவில்லை. நேரம் கிடைக்காதது நல்லதாகப் போயிற்று. கண்காட்சியில் வைத்தீர்களா? இல்லை. கண்காட்சியில் வைத்தால் ஒரு வருடம் சலுகை உண்டென்று சிலர் சொல்வார்கள். அந்தச் சலுகை இந்திய மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கானது. கண்ட கண்ட கூட்டத்தில் கொண்டுபோய்க் காட்டுவதற்கு அது பொருந்தாது.

நான் இன்னும் பரீட்சை எழுதாதவள். ஆகவே என் சொல்லை நம்பி எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லி, சென்னையில் பதிவு பெற்ற ஒரு முகவரிடம் அனுப்பினேன். அவரும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். வேலை ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்புகள் முதலாளிக்குச் சேரும் என்று எழுதியிருக்கிறதா என்றும் கேட்டார். அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான், எனக்குத் தோன்றவில்லை. அண்ணையின் ஒப்பந்தத்தில் அப்படி ஒன்றும் இல்லை. 2024 நவம்பரில் முழு விவரக்குறிப்போடு புதிதாக விண்ணப்பம் கொடுத்தார். பழைய தேதி போனது போனதுதான். இடையில் இருந்த 20 மாதத்தில் வேறொருவர் அதே பொருளுக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தால் அவர்தான் முந்தியவர். அந்தப் பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பொருள் கையில் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. வவுனியாவிலிருந்து எனக்கு எடுத்துக் கேட்டார். “பிள்ளை, இவன்ர பேரும் விலாசமும் அரசாங்கப் பேப்பரில வருமாம். அது தேவையோ?” நான் சட்டத்தைச் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் வருவது என்றால் அந்த வயதில் உள்ளவர்களுக்கு என்னவென்று நமக்குத் தெரியும். சோதனைச் சாவடியில் வாசித்த பட்டியல்களையும் முகாமில் வாசித்த பட்டியல்களையும் கேட்டுக் கேட்டு வந்தவர். இது வேறு பட்டியல் பெரியம்மா, இதில் பெயர் வந்தால்தான் அவனுடையது என்று ஆகும் என்றேன். வெளியான நாளிலிருந்து அவனுக்கு ஓர் உரிமை தொடங்குகிறது. காப்புரிமை கிடைத்த பிறகுதான் வழக்குப் போடலாம், ஆனால் நட்டஈட்டை வெளியான நாளிலிருந்து எண்ணிக் கேட்கலாம். அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, விலாசம் வவுனியா விலாசமாக இருக்க வேண்டாம் என்றார். அண்ணை தான் குடியிருக்கும் சார்ஜா விலாசத்தையே கொடுத்தார். அவசர வெளியீட்டுப் படிவம் கொடுக்கவில்லை. அம்மாவுக்குப் பழக 18 மாதம் இருக்கட்டும் என்றார்.

இந்த வெளியீடு ஏன் தேவை என்று நேயர்கள் கேட்கலாம். இரகசியமாகவே வைத்திருந்து உரிமை கொடுத்தால் என்ன? அதற்குச் சென்னையிலேயே நடந்த ஒரு வழக்கு பதில் சொல்லும். நோவார்ட்டிஸ் நிறுவனம் இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் என்ற மருந்துக்கு 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2005இல் சட்டம் மாறி அது வெளிச்சத்துக்கு வந்தபோது, புற்றுநோயாளர்களுக்கு உதவும் மும்பைச் சங்கம் ஒன்றும் சில இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை மறுத்தது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மலிவான மருந்தை இந்திய நிறுவனங்கள் தொடர்ந்து செய்ய முடிந்தது. விண்ணப்பம் பூட்டிய அலமாரியிலேயே இருந்திருந்தால், எதிர்க்க வேண்டும் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

இந்த எதிர்ப்பு 25ஆம் பிரிவில் வருகிறது. பரீட்சையில் அடிக்கடி கேட்கக்கூடிய இடம் என்று தம்பி இரண்டு முறை எழுத வைத்தான். உரிமை கொடுத்த பிறகு எதிர்ப்பதானால் அதில் அக்கறையுள்ளவராக இருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் எதிர்க்க வேண்டும். கொடுப்பதற்கு முன்பு எதிர்ப்பதானால் எவரும் எதிர்க்கலாம். அதற்காகத்தான் வெளியான நாளிலிருந்து 6 மாதம் கழியும் முன் எந்த விண்ணப்பத்துக்கும் காப்புரிமை கொடுப்பதில்லை. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இந்த எதிர்ப்புக்குக் கட்டணம் வைத்தார்கள், பொருளுள்ள எதிர்ப்புத்தானா என்று கட்டுப்பாட்டாளர் முதலில் பார்ப்பார். ஆனால் எவரும் என்ற சொல் அப்படியே இருக்கிறது.

அந்தச் சொல்லைப் படித்த அன்று தம்பி சிரித்தான். “அக்கா, 126இல் என்னை வெளியே நிறுத்தினார்கள். 25இல் உள்ளே விட்டிருக்கிறார்கள். எவரும் என்றால் நானும்தானே?” ஆம், அவனும்தான்.

வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. இந்தியாவில் பெற்ற உரிமை இந்தியாவில்தான் செல்லும். அண்ணையின் சாமான் துபாயில் விற்க வேண்டுமானால் அமீரகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். அமீரகம் 1999இலிருந்து சர்வதேசக் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஓமான் 2001இலும், பஹ்ரைன் 2007இலும், கட்டார் 2011இலும், சவூதி 2013இலும், குவைத் 2016இலும் சேர்ந்தன. இந்தியாவில் கொடுத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அந்த வழியில் ஒரே விண்ணப்பம் கொடுத்தால், முதல் தேதியைக் காப்பாற்றிக்கொண்டு பிறகு நாடு நாடாகப் போகலாம். அதிலும் 18 மாதத்தில்தான் வெளியீடு. ஜெனீவாவில் வியாழக்கிழமை, இந்தியாவில் வெள்ளிக்கிழமை. முன்பு ரியாத்தில் உள்ள வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் அலுவலகத்தில் ஒரே விண்ணப்பத்தால் ஆறு நாடுகளுக்கும் உரிமை பெறும் வசதி இருந்தது. 1998 அக்டோபர் 3இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் புது விண்ணப்பம் வாங்குவதை 2021 ஜனவரி 6இல் நிறுத்தினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்ததும் அடுக்கத் தந்தவை அந்தப் பழைய கோப்புகள்தான். அதை நம்பி இருக்கிறவர்கள் இப்போது என்ன நடைமுறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேல்நாடுகளில் நம் பிள்ளைகள் விஞ்ஞானமும் பொறியியலும் படிக்கிறார்கள். பிரித்தானியாவிலும் கனடாவிலும் இதே 18 மாதம்தான். அமெரிக்காவிலும் 2000 நவம்பர் 29 முதல் இதே முறை, ஆனால் வேறு நாட்டில் விண்ணப்பிக்க மாட்டேன் என்று உறுதி கொடுத்தால் வெளியிடாமல் வைக்கச் சொல்லலாம். பிறகு மனம் மாறி வெளிநாட்டில் விண்ணப்பித்தால் 45 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பமே போய்விடும். இந்தத் தொழிலுக்கு அந்தந்த நாட்டில் தனித் தனிப் பரீட்சை இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாடத்தைத் திறக்கும் முன் யார் எழுதலாம் என்ற பக்கத்தை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்.

என் பரீட்சை இன்னும் முன்னால் இருக்கிறது. வருடா வருடம் தவறாமல் நடக்கும் பரீட்சை அல்ல அது, அறிவிப்பு வரும்போதுதான் வரும். சட்டமும் விதியும் ஒரு தாள், விவரக்குறிப்பு எழுதுவதும் விளக்குவதும் இன்னொரு தாள், ஒவ்வொன்றும் 100 புள்ளி. நேர்முகம் 50. ஒவ்வொரு தாளிலும் 50 எடுக்க வேண்டும், மொத்தத்தில் நூற்றுக்கு 60 வர வேண்டும். முதல் தாளைப் பற்றிப் பயமில்லை. இரண்டாம் தாளுக்கு அண்ணையின் விவரக்குறிப்பைத்தான் திரும்பத் திரும்ப எழுதிப் பழகுகிறேன். தம்பி திருத்துகிறான்.

நேயர்களே, கையில் ஏதாவது புதிதாகச் செய்து வைத்திருக்கிறவர்கள் விண்ணப்பம் கொடுக்கும் முன் யாருக்கும் காட்ட வேண்டாம். கொடுத்த தேதியைச் சுவர்க் காலண்டரில் எழுதி வையுங்கள். அதற்குப் பக்கத்தில் 12, 15, 18 என்று மூன்று எண்களையும் எழுதி, அந்த மாதங்கள் எவை என்று எண்ணிக் குறித்துவிடுங்கள். எங்கள் அண்ணையின் அறையில் இப்போது அப்படி ஒரு காலண்டர் தொங்குகிறது.